பக்கத்து வயலில் விளைந்த பிறகு

1928ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள விவசாயிகளுக்கு ஒரு புது விதை கிடைத்தது. கலப்பின விதை. பழைய விதையைவிட விளைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வறட்சியைத் தாங்கியது, இயந்திர அறுவடைக்கும் தோதாக இருந்தது. இவ்வளவு நல்ல சரக்கு கைக்கு வந்தால் மறுவருடமே எல்லோரும் மாறிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முதல் ஐந்து வருடத்தில் பத்தில் ஒருவர்தான் மாறினார். அடுத்த மூன்றே வருடத்தில் அது பத்தில் நான்காக ஏறியது. அப்புறம் மடை திறந்த மாதிரி. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அங்கே இரண்டு ஊர்களில் விசாரித்துப் பார்த்தபோது, கணக்கில் வந்த 259 விவசாயிகளில் 1941 வரை மாறாமல் நின்றவர்கள் இரண்டே பேர்.

1943இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வித்தியாசம். இந்த விதையைப் பற்றி முதலில் யார் சொன்னார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் விதை விற்க வந்தவரைச் சொன்னார்கள். யாரைப் பார்த்து மாறினீர்கள் என்று கேட்டால், பிந்தி மாறியவர்கள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரரைக் காட்டினார்கள். கேள்விப்பட்டதற்கும் விதைத்ததற்கும் நடுவே வருடங்கள் ஓடியிருந்தன. அந்த வருடங்களில் அவர்களுக்குத் தகவல் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் காத்திருந்தார்கள்.

அந்த விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால், காத்திருந்ததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. அதுவரை அவர் தன் வயலில் விளைந்ததிலேயே நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்துவைத்து வந்தவர். எது நல்ல கதிர் என்று பார்க்கத் தெரிவது ஒரு கைப்பக்குவம். கலப்பின விதையில் அந்த வித்தை செல்லாது. அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்தால் அடுத்த முறை வீரியம் குறைந்துவிடும், அதனால் வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில். ஆகவே முதலில் துணிந்தவர்கள்கூட நிலம் முழுவதிலும் போடவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் விதைத்துப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பலத்த காற்றடித்த மறுநாள் காலையில் எந்தப் பயிர் சாய்ந்துகிடக்கிறது, எது நிற்கிறது என்று அவருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கருத்தும் புதுப் பழக்கமும் பரவுவதைப் பற்றிப் பேசும்போது, காதில் விழுவதையும் கைப்பழக்கம் மாறுவதையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே மனித வலைப்பின்னலில்தான் ஓடுகின்றன, ஆனால் ஓடும் தடம் வேறு. சுகாதாரத்திலும் விவசாயத்திலும் எத்தனையோ நல்ல முயற்சிகள் எல்லோர் காதிலும் விழுந்தும் யாருடைய அன்றாடத்தையும் தொடாமலே முடிந்துபோனதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

அயோவாவில் தெரிந்த அந்தக் கோடு, மெதுவாகத் தொடங்கி, சட்டென்று நிமிர்ந்து, கடைசியில் தட்டையாகும் எஸ் வடிவம், பிறகு மருந்து, கருவி, பழக்கம் என்று பலவற்றிலும் தென்பட்டது. எவரெட் ராஜர்ஸ் 1962இல் இவற்றையெல்லாம் தொகுத்து, மாறும் வேகத்தை வைத்து மக்களை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் துணிபவர்கள் 2.5 சதவீதம், அடுத்து 13.5, பிறகு இரண்டு 34கள், கடைசியாக 16. மேலாண்மை வகுப்புகளில் இந்த எண்களை வேதவாக்கு போல ஒப்பிக்கிறார்கள். உண்மையில் இவை மணி வடிவ வரைகோட்டைக் கணித முறைப்படி துண்டு போட்டதால் வந்த எண்கள். மனிதர்களின் குணத்தை அளந்து வந்தவை அல்ல. கடைசி 16 சதவீதத்துக்கு 'பின்தங்கியவர்கள்' என்று பெயர் வைத்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பருவம் பொய்த்தால் நிலத்தையே இழக்க வேண்டியவருக்கும், பொய்த்தால் போகட்டும் என்று விடக்கூடியவருக்கும் ஒரே நிதானம் இருக்க முடியாது. ராஜர்ஸே அயோவா விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். புது இயந்திரம் என்றால் அவருடைய அப்பா ஆர்வமாக வாங்குவார், ஆனால் இந்தக் கலப்பின விதையை மட்டும் எட்டு வருடம் தொடவில்லை. 1936இல் வறட்சி வந்து, தன் பயிர் வாடி நிற்க, அடுத்த நிலத்தில் கலப்பினப் பயிர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிறகே மாறினார். ஒரே மனிதர் இயந்திரத்தில் முந்தி, விதையில் பிந்தி. அவரை எந்த வகையில் சேர்ப்பது?

சரி, செய்தி எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அதில் தெளிவு அதிகம்.

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. வேலை மாறியவர்களிடம், உங்களுக்கு இந்த வேலையைப் பற்றிச் சொன்னது யார் என்று அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டோர் அவரை எப்போதாவது பார்ப்பவர்கள். மீதிப்பேர் அபூர்வமாகச் சந்திப்பவர்கள். உயிர் நண்பர்களைவிட ஒப்புக்குப் பழகுபவர்கள்தான் இதில் கைகொடுத்திருக்கிறார்கள். யோசித்தால் புரியும். என் நெருங்கிய நண்பர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள். எனக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். எனக்கு எட்டாத வட்டத்திலிருந்து ஒரு செய்தி வர வேண்டுமானால், அந்த வட்டத்தில் ஒரு காலை வைத்திருக்கும் தூரத்துப் பழக்கக்காரர் மூலம்தான் வர வேண்டும். 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் இதைக் கணிதமாகவே காட்டினார்கள். அக்கம்பக்கத்தோடு மட்டும் பிணைந்த ஒரு பெரிய வலையில், விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறுக்குப் பாதைகளைச் சேர்த்தாலே, எந்த இருவருக்கும் இடையிலான தூரம் மளமளவென்று சுருங்கிவிடும்.

இந்தக் கண்டுபிடிப்புகள் சரியானவை. பிழை அடுத்த படியில் வந்தது. பரவுவது எதுவானாலும், அதாவது நோயோ வதந்தியோ உடற்பயிற்சியோ அரசியல் போராட்டமோ, இதே பாதையில்தான் பரவும் என்று ஏறக்குறைய எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வைரல் என்ற சொல் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது அந்த நம்பிக்கையின் அடையாளம்.

என் நண்பர் வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினோரு பேர். சில வருடங்களுக்கு முன், நாங்கள் பேசிக்கொள்ளும் அரட்டைச் செயலியை விட்டு வேறொன்றுக்குப் போய்விடலாம் என்று பேச்சு வந்தது. காரணத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லோருமே தலையாட்டினோம். அன்று இரவே நானும் இன்னொருவரும் புதுச் செயலியை இறக்கிக்கொண்டோம். மறுநாள் காலை திறந்து பார்த்தால், இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் காலி மண்டபம். வணக்கம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது நாள் மூன்றாவதாக ஒருவர் வந்தார், எட்டிப் பார்த்தார், போய்விட்டார். பேச்சும் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் பழைய இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. பத்தே நாளில் நான் திரும்பிவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து அதே வட்டத்தில் ஒன்றாகப் பயணம் போகத் திட்டமிட்ட நான்கு பேர், அந்தத் திட்டத்தை மட்டும் புதுச் செயலியில் பேசலாம் என்று ஒரே நாளில் சேர்ந்து மாறினார்கள். நால்வரும் ஒருவரோடொருவர் தினமும் பேசுபவர்கள். அது நிலைத்தது. ஆளாளுக்கு அவர்களோடு பேச ஒரு வேலை வந்தபோது மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தோம்.

கருத்து ஒரே ஒரு செய்தியில் பதினோரு பேரையும் எட்டிவிட்டது. பழக்கம் மாற, தன்னைச் சுற்றி மூன்று பேர் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டியிருந்தது.

இதைத்தான் 2007இல் டேமன் சென்டோலாவும் மைக்கேல் மேசியும் கோட்பாடாக எழுதினார்கள். தொற்றில் இரண்டு விதம் உண்டு என்றார்கள். எளிய தொற்று ஒரே தொடர்பில் ஒட்டிக்கொள்ளும். சளிக் காய்ச்சல், வேலை காலி என்ற தகவல், ஒரு வதந்தி எல்லாம் இந்த ரகம். ஒருவர் சொன்னால் போதும், இரண்டாவது ஆள் வந்து அதையே சொன்னால் புதிதாக எதுவும் சேராது. சிக்கலான தொற்று அப்படியல்ல. உடம்பையோ பணத்தையோ மானத்தையோ பணயம் வைக்கும் எந்த மாற்றத்துக்கும், பிறர் சேர்ந்தால்தான் பயன் தரும் எந்தப் பழக்கத்துக்கும், ஒரே ஆளின் சொல் போதாது. அவர் அப்படித்தான், எதையாவது புதிதாகச் செய்துகொண்டே இருப்பார் என்று மனம் தள்ளிவிடும். அடுத்தவரும் செய்கிறார் என்றால் யோசிக்கும். மூன்றாமவரும் செய்தால், செய்யாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டிவரும்.

அப்படியானால் தூரத்துப் பழக்கக்காரரின் பலம் இங்கே பலவீனமாகிவிடுகிறது. அவர் தன்னந்தனியாக ஒரு செய்தியை எடுத்துவந்து கொடுப்பார். அதை ஆமோதிக்க என் வட்டத்தில் வேறு ஆள் இருக்க மாட்டார். செய்திக்குத் தடையாக இருந்த அந்த நெருங்கிய வட்டம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த, சொன்னதையே திரும்பச் சொல்லும் வட்டம், பழக்கத்துக்கு விளைநிலமாகிறது.

சென்டோலா இதைச் சோதித்தும் பார்த்தார். 2010இல் வெளியான அந்தச் சோதனையில் 1,528 பேர் ஓர் இணைய உடல்நலக் குழுவில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முகம் தெரியாத சில 'நலத் தோழர்கள்' ஒதுக்கப்பட்டார்கள். ஒரு பாதியில் தோழர்களின் தோழர்களும் உங்களுக்குத் தோழர்கள், அக்கம்பக்கம் போலப் பின்னிக்கிடக்கும் வலை. மறுபாதியில் அதே எண்ணிக்கைத் தோழர்கள், ஆனால் குலுக்கிப் போட்டது போல எங்கெங்கோ சிதறியவர்கள். அதாவது குறுக்குப் பாதைகள் நிறைந்த வலை. பிறகு ஒரு புதிய உடல்நலத் தளத்தில் பதிவு செய்யும் பழக்கம் இரண்டிலும் விதைக்கப்பட்டது. ஒரு தோழர் பதிவு செய்தால் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். குறுக்குப் பாதை வலையில் செய்தி எங்கும் தெறித்தது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒற்றை அஞ்சலாகவே போய் விழுந்தது. பின்னிய வலையில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. முடிவில் பின்னிய வலையில் 54 சதவீதம் பேர் பதிவு செய்தார்கள், சிதறிய வலையில் 38 சதவீதம். பரவிய வேகமும் பின்னிய வலையில்தான் பல மடங்கு அதிகம். பல தோழர்களிடமிருந்து கேட்டுச் சேர்ந்தவர்கள், சேர்ந்த பிறகு அந்தத் தளத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு நாள் செய்துவிட்டு விடுவதற்குப் பெயர் பழக்கம் அல்ல.

ஆபத்து கூடக் கூட இந்த விதி இன்னும் இறுகுகிறது. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் போனார்கள். இயக்கம் தொடங்கிய சில நாட்களிலேயே மூன்று ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். விண்ணப்பித்துத் தேர்வானவர்களில் கணிசமானோர் கடைசியில் போகவில்லை. டக் மெக்ஆடம் என்ற சமூகவியலாளர் பிற்காலத்தில் அந்த விண்ணப்பங்களைத் தோண்டியெடுத்து, போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. போனவர்களுக்கு, உடன் போகும் நெருங்கிய நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். உயிரைப் பணயம் வைக்கும் காரியத்துக்குத் தூரத்துப் பழக்கம் உதவவில்லை. தோளோடு தோள் உரசும் ஆள்தான் தேவைப்பட்டார்.

தென் கொரியாவில் 1970களில் கண்டது அவ்வளவு நாடகத்தனமானது அல்ல, ஆனால் அதே கதை. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், எல்லா முறைகளையும் எல்லோருக்கும்தான் விளக்கினார்கள். ஆனால் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, ஒரு கிராமத்தில் பெரும்பாலான பெண்கள் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கிராமத்தில் பெரும்பாலோர் கருத்தடை வளையம். எல்லோருக்கும் ஒரே அறிவுரை, தேர்வு மட்டும் கிராமத்துக்குக் கிராமம் வேறு. பேசிக்கொள்ளும் பெண்கள் எதைப் பயன்படுத்தினார்களோ, அதையே தானும்.

இங்கே இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். அதையும் கிரானோவெட்டரே 1978இல் போட்டுக் காட்டினார். ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். கலவரம் வெடிக்குமா வெடிக்காதா என்ற நிலை. ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது: இத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன். ஒருவருக்கு அந்த எண் பூஜ்யம், யாரும் இல்லாவிட்டாலும் கல்லை எடுப்பார். அடுத்தவருக்கு ஒன்று. அதற்கடுத்தவருக்கு இரண்டு. இப்படியே 99 வரை. பூஜ்யக்காரர் தொடங்குகிறார், அவரைப் பார்த்து ஒன்றுக்காரர், அந்த இருவரைப் பார்த்து இரண்டுக்காரர். சரசரவென்று நூறு பேரும் இறங்கிவிடுகிறார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம். 'ஒன்று' என்ற எண்ணை வைத்திருந்தவருக்குப் பதில் 'இரண்டு' வைத்திருக்கும் ஒருவரை நிறுத்துங்கள். பூஜ்யக்காரர் கல்லெறிகிறார். அவ்வளவுதான். அடுத்து இறங்க ஆளில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

முதல் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதும்: கொதித்தெழுந்த மக்கள். இரண்டாவதைப் பற்றி: ஒரு தனிநபர் கல்வீச்சு. ஆனால் நூறில் 99 பேர் இரண்டு கூட்டத்திலும் அதே ஆட்கள், அதே மனநிலை. நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு, மக்கள் அப்படி விரும்பினார்கள், அதனால் இப்படி நடந்தது என்று சொல்லிவிடுவது எவ்வளவு அவசரமானது என்று இந்தச் சின்னக் கணக்கு எனக்கு உணர்த்தியது. பரவாமல் போன ஒரு நல்ல கருத்து மோசமான கருத்தாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒரு படி இல்லாமல் போயிருக்கலாம்.

இதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. 2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 14,341 பேரை, அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்கவைத்தார்கள். சிலருக்குப் பாடல் மட்டும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் பார்க்க முடிந்தது. எட்டு உலகத்திலும் எட்டு விதமான வெற்றிப் பட்டியல். மிக நல்ல பாடல் அடியோடு தோற்பதும், மிக மோசமானது உச்சத்துக்குப் போவதும் அரிதாகவே நடந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது.

எத்தனை பேர் சேர்ந்தால் தராசு சாயும்? சென்டோலா குழுவினர் 2018இல் ஒரு சோதனையின் முடிவாக 25 சதவீதம் என்றார்கள். ஒரு சிறு குழு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு வழக்கத்தை, உறுதியான சிறுபான்மை அந்த அளவை எட்டும்போது புரட்டிப்போட முடிந்தது. இந்த எண் இப்போது மேடைப் பேச்சுகளில் சுற்றுகிறது. ஒரு முகப்படத்துக்கு எந்தப் பெயர் வைப்பது என்ற விளையாட்டில், இருபது முப்பது பேர் கொண்ட இணையக் குழுக்களில் கிடைத்த எண் அது. மனிதர்களின் ஆழமான வழக்கங்களுக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. ஓர் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே வரை ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும் என்பதுதான் அந்தச் சோதனையில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நான் சொல்வதற்கு எதிராகத் தோன்றும் ஓர் ஆய்வும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. 2012இல் ஃபேஸ்புக்கில் சேர அழைப்பு வந்தவர்களை ஆராய்ந்தபோது, சேர்வதைத் தீர்மானித்தது எத்தனை நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதைவிட, அந்த நண்பர்கள் எத்தனை தனித்தனி வட்டங்களிலிருந்து வருகிறார்கள் என்பதே. ஒரே அலுவலகத்து நால்வரைவிட, அலுவலகத்தில் ஒருவர், உறவில் ஒருவர், பழைய பள்ளித் தோழர் ஒருவர் என்ற மூவருக்கு வலு அதிகம். முரண்பாடு போலத் தெரிந்தாலும், ஒற்றைக் குரல் போதாது என்பதில் இதுவும் ஒத்துப்போகிறது. குரல்கள் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் வேறுபாடு, அது பழக்கத்துக்குப் பழக்கம் மாறும் என்று தோன்றுகிறது. பலதரப்பட்டவர்களுக்குப் பயன்படும் பொருளுக்குப் பலதரப்பட்ட சாட்சி. என்னைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவருமா என்ற சந்தேகம் இருக்கும் விஷயத்துக்கு, என்னைப் போன்றவர்களின் சாட்சி.

அதேபோல, அருகருகே இருப்பவர்கள் ஒரே மாதிரி நடந்தால் உடனே தொற்று என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மழை வந்ததும் தெருவில் எல்லோரும் குடை விரிப்பது ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வதல்ல என்று மாக்ஸ் வெபர் சொன்ன உதாரணம் இன்றைக்கும் பொருந்தும். போதாததற்கு, ஒரே ரசனை உள்ளவர்கள்தான் முதலில் நண்பர்களே ஆகிறார்கள். யாகூவின் ஒரு கைப்பேசிச் சேவை இரண்டே முக்கால் கோடிப் பேர் கொண்ட வலையில் பரவியதை 2009இல் சினன் ஆரல் குழுவினர் அலசியபோது, தொற்று போலத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இந்த ரசனை ஒற்றுமையால் வந்தது என்று கண்டார்கள். மருத்துவர்களிடையே டெட்ராசைக்ளின் என்ற புது மருந்து பரவிய விதம் பற்றி 1950களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வுக்கும் இதே கதிதான். பல பத்தாண்டுகள் வாய்மொழிப் பரவலின் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. மருந்து நிறுவனங்களின் விளம்பர முயற்சியைக் கணக்கில் சேர்த்து 2001இல் மறுபடி பார்த்தபோது, தொற்று இருந்ததற்கான தடயமே மறைந்துவிட்டது.

இதெல்லாம் நடைமுறையில் என்ன வேறுபாட்டை உண்டாக்குகிறது? ஒரு நல்ல பழக்கத்தைப் பரப்ப வேண்டுமென்றால் வழக்கமாகச் செய்வது, அதிகம் பேருக்குத் தெரிந்த பிரபலத்தைப் பிடிப்பது. செய்தியைத் தெளிக்க அவர் உதவுவார். ஆனால் பழக்கத்துக்கு? ஆப்பிரிக்காவின் மலாவியில் 200 கிராமங்களில் லோரி பீமன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குழி தோண்டி அதில் விதைத்து மழைநீரைத் தேக்கும் ஒரு விவசாய முறையைப் பரப்புவது நோக்கம். கிராமத்துக்கு இரண்டு விவசாயிகளுக்குப் பயிற்சி. வழக்கப்படி அரசின் விவசாய ஊழியர் தேர்ந்தெடுத்த கிராமங்களில், மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய 45 சதவீதக் கிராமங்களில் பயிற்சி பெற்ற அந்த இருவரைத் தாண்டி ஒருவர்கூட அந்த முறையைத் தொட்டிருக்கவில்லை. ஊரின் உறவு வலையை வரைந்து, இருவருக்கும் பொதுவான பழக்கக்காரர்கள் இருக்கும்படி இருவரைத் தேர்ந்தெடுத்த கிராமங்களில் பரவல் மேலாக இருந்தது. காரணம் இதுதான்: பல விவசாயிகளுக்கு ஒருவரை அறிந்தது போதவில்லை, குறைந்தது இரண்டு பேரை அறிய வேண்டியிருந்தது. ஊருக்கு இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர் என்று நியாயமாகப் பிரித்துக் கொடுத்தால், இருவரையும் அறிந்தவர் எவரும் இருக்க மாட்டார். நியாயமாகத் தோன்றும் அந்தப் பகிர்வே விதையை வீணாக்கிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறர் செய்வது கண்ணுக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் சொன்னவை. வயல் தெரியும். வீட்டுக்குள் நடப்பது தெரியாது, மனதுக்குள் இருப்பது அதைவிடத் தெரியாது. அப்போது அடுத்தவர் இறங்கினால் நானும் இறங்குவேன் என்று காத்திருக்கும் எல்லோரும், அடுத்தவரின் மௌனத்தை எதிர்ப்பு என்று படித்துவிடுகிறார்கள். சவுதி அரேபியாவின் ரியாத்தில் திருமணமான ஆண்களிடம் லியோனார்டோ புர்ஸ்டைன், அலெஸாண்ட்ரா கொன்சாலெஸ், டேவிட் யானகிசாவா-டிராட் மூவரும் நடத்திய ஆய்வு, 2020இல் வெளியானது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதைப் பெரும்பாலான ஆண்கள் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் மற்ற ஆண்களில் ஆதரிப்பவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, உங்களோடு இந்த அறையில் இருந்தவர்களில் இத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்ற உண்மை எண் மட்டும் சொல்லப்பட்டது. அறிவுரை இல்லை, பிரசாரம் இல்லை. அந்தப் பாதியில் தங்கள் மனைவியை வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். சில மாதம் கழித்து விசாரித்தபோது, அவர்கள் மனைவிகளில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் நேர்காணலுக்குப் போனவர்களும் மற்றவர்களைவிட அதிகம்.

எண்ணைச் சொன்னால் போதாத இடமும் உண்டு. சீனாவில் பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டி எலும்பை மடக்கிச் சிறிதாக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. வலி எல்லாத் தாய்க்கும் தெரியும், அனுபவித்தவள் அவள். ஆனால் தன் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால் அவளுக்குக் கல்யாணம் நடக்காது. ஒரு வீடு மட்டும் மாறினால் அந்த வீட்டுப் பெண்தான் நஷ்டப்படுவாள். எல்லோரும் வெறுத்துக்கொண்டே எல்லோரும் தொடர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய பாதக்கட்டு எதிர்ப்புச் சங்கங்கள், இதன் தீங்குகளை விளக்கியதோடு நிற்கவில்லை. சேர்ந்த குடும்பங்களிடம் இரண்டு உறுதிமொழி வாங்கின. எங்கள் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டோம். பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்க மாட்டோம். முதல் உறுதிமொழியால் ஒரு பெண் தப்புவாள். இரண்டாவதால், அவளை மணக்கத் தயாரான வீடுகள் அதே பட்டியலில் அவள் கண் முன்னாலேயே இருக்கும். அறிஞர் ஜெரி மேக்கி 1996இல் இதை விளக்கியபோது இந்த இரண்டாவது வாக்கில்தான் அழுத்தம் கொடுத்தார். இயந்திரத் துணி வந்து, வீட்டில் உட்கார்ந்து நூற்கும் சிறுமிகளின் உழைப்புக்குத் தேவை குறைந்ததும் ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். மேக்கி எடுத்துக்காட்டும் டிங்சியான் என்ற வட்டாரத்தின் கணக்கு இது: 1889இல் பாதம் கட்டப்பட்டவர்கள் 99 சதவீதம். பத்து வருடம் கழித்து, 1899இல், 94. 1919இல் ஒருவரும் இல்லை.